காது காட்டாத திசை

மின்சார வாகனங்கள் சத்தமில்லாமல் வருகின்றன, நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து, ஆகவே அவை ஏதாவது ஓசை எழுப்பியாக வேண்டும் என்ற விவாதம் இந்த வாரமும் தொலைக்காட்சியில் ஓடியது. பேச வந்தவர்களில் ஒருவர், "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு? ஒரு பீப் சத்தத்த வச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த எரிச்சல் இதை எழுதும்வரை அடங்கவில்லை. ஏர்ஹாரன் பற்றி இங்கே நான் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு, சத்தம் விஷயத்தில் என் கோபம் புதிதல்ல. ஆனால் ஏர்ஹாரனிடம்கூட ஒரு நியாயம் உண்டு. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும், ஒதுங்கிக்கொள்ளலாம். பீப் அதையும் சொல்லாது.

இதை யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து புதிதாக அறிமுகமாகும் மின்சார, ஹைப்ரிட் மாடல்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து அந்த வகைப் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஓசைக் கருவி கட்டாயம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை அது ஒலிக்க வேண்டும். அதற்கு மேல் டயர் தரையில் ஓடும் சத்தமே போதுமானது. இதற்கான ஐ.நா. விதி எண் 138, சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. குறைந்தது இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஒலி இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸ் பட்டையிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், வேகம் மாறினால் சுருதியும் மாற வேண்டும் என்கிறது. மனிதத் தலையின் அளவு காதுக்குப் போடும் ஓர் எல்லையும் அந்த 1,600 என்ற எண்ணை ஒட்டித்தான் வருகிறது. தொலைக்காட்சியில் யாரும் அதைத் தொடவில்லை.

பீப் என்றால் என்ன என்று எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தபிறகு, எங்கோ ஒரு கருவி அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'கீ' என்று கத்த ஆரம்பித்தது. கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் மாடிப்படிக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டு மாமி, "மாடியிலேர்ந்துதான் வரது சார்" என்று அடித்துச் சொன்னார். மாடியிலிருந்து இறங்கி வந்தவர் கீழே மீட்டர் பெட்டியைக் கை காட்டினார். வாட்ச்மேன் லிஃப்ட் அறைச் சாவியைக் கொண்டுவந்து திறந்தும் பார்த்துவிட்டார். காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்போம், ஒரு 'கீ' வரும், ஆளுக்கொரு திசையில் கை நீளும். கடைசியில் அகப்பட்டது, கேமராக்களுக்காக மாட்டிய சின்ன யுபிஎஸ். நாங்கள் நின்று வழக்காடிக்கொண்டிருந்த படிக்கட்டுத் திருப்பத்தில், தலைக்கு நேர் மேலே, ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. மாமி சங்கடப்பட்டார். "வயசாச்சோல்லியோ, காது போயிடுத்து எனக்கு" என்றார்.

மாமியின் காதில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தத்தில்தான் குறை. இதை அவரிடம் படியில் நின்றபடியே சொன்னேன், இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நமக்குத் திசை தெரிவது, இரண்டு காதுக்கும் நடுவே தலை என்று ஒன்று இருப்பதால். வலப் பக்கத்துச் சத்தம் வலக் காதுக்கு முந்தி வருகிறது, இடக் காதுக்குப் பிந்தி. சரியாகப் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட அந்தத் தாமதம் ஒரு நொடியைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் ஆறேழு பங்குதான் வரும். மூளை இதைவிடச் சின்ன வித்தியாசத்தையும் பிடித்துவிடும். நேர் முன்னால் கேட்கும் ஒலி ஒரே ஒரு டிகிரி நகர்ந்தால் போதும், நல்ல காது கண்டுகொள்ளும். அப்போது இரண்டு காதுக்கும் உள்ள நேர வித்தியாசம் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்தக் கணக்கு தாழ்ந்த சுருதிக்கு மட்டும்தான் ஒத்துவரும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளம். தலை அதற்கு ஒரு தடையே அல்ல, வளைந்து போய்விடும். இரண்டு காதிலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும், ஆனால் எந்தக் காதில் அலை முந்தியது என்று மூளைக்குத் தெரியும். சுருதி 1,500 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒரு முழு அலை கடக்கும் நேரமும் காதுக்குக் காது தாமதமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தக் காதில் வந்த அலைக்கு அந்தக் காதில் எது ஜோடி என்று மூளையால் பிரித்தறிய முடியாது. இன்னும் மேலே போய் 6,000 ஹெர்ட்ஸை எட்டினால் அலை 6 சென்டிமீட்டருக்குக் குறுகிவிடும். அதைத் தலை நன்றாக மறைக்கிறது, அந்தப் பக்கத்துக் காதில் 20 டெசிபல்வரைகூடச் சத்தம் குறையும், மூளை அந்தக் குறைவை வைத்துத் திசை சொல்லிவிடும். தாழ்ந்ததற்கு நேரம், உயர்ந்ததற்கு அளவு. நடுவே 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ்வரை முதல் வழி அடைபட்டுவிட்டது, இரண்டாவது வழி இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

பீப் கருவிகள் கத்துவது அந்த இடத்தில்தான். காசு அளவுள்ள பீசோ தகடு கொஞ்சம் மின்சாரத்தில் பலமாக அதிர்வது அந்தச் சுருதியில். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில். தயாரிப்பவருக்கு இரண்டு லாபமும் ஒருசேரக் கிடைக்கிறது, சத்தத்தைத் தேடுகிறவர் கையில் ஒன்றும் கிடைப்பதில்லை. மேலா கீழா என்பது இன்னொரு தொல்லை. அதைச் சொல்வது காது மடலின் மடிப்புகள். அவை பல சுருதிகள் கலந்து வரும் ஒலியில், குறிப்பாக 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில், உயரத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. ஒற்றைச் சுருதியில் கூட்டிக் குறைக்க என்ன இருக்கிறது? போதாததற்குப் படிக்கட்டுச் சுவர்களின் எதிரொலி. எங்களில் யார் கை காட்டிய திசையும் சரியாக இருக்க வழியே இல்லை.

இதையெல்லாம் முதலில் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தவர் ரேலி பிரபு. இந்தப் பெயர் வந்ததும் பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், இந்த வாரம் வாகனப் பேச்சு இதோடு சரி என்று. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கிய அவருடைய 'ஒலியின் கோட்பாடு' என் மேஜையை விட்டு நகர்வதில்லை. வாத ஜுரம் கண்டு உடம்பு தேறுவதற்காக 1872-ன் குளிர்காலத்தில் மனைவியோடு எகிப்துக்குப் போனவர், நைல் நதியில் படகு வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த புத்தகம் அது. 1877-லும் 1878-லும் இரண்டு பாகங்களாக வந்தது. பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள்தான். ஆனாலும் அதற்கு நடுவே விசிலும் கம்பியும் மணியும் வந்து நின்றுகொண்டே இருக்கும். கணக்குப் போட்டதைக் காதால் கேட்டுப் பார்க்காமல் அந்த மனிதர் விடமாட்டார். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை அதனால் வந்தது. ஆர்கான் வாயுவுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

எசெக்ஸில் டெர்லிங் என்ற ஊரில் அவருடைய வீடு. 1870-களில் ஒருமுறை அந்த வீட்டுப் புல்தரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதவியாளர்கள் சுற்றி நின்று மாறி மாறிப் பேசினார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்று அநேகமாகச் சரியாகச் சொன்னார். முன்னாலா பின்னாலா என்பதும் தெரிந்தது. பிறகு இசைக்கவைகளைத் தட்டச் சொன்னார். வலமா இடமா என்பது தெரிந்தது, முன்னும் பின்னும் மட்டும் குழம்பிப்போயின. குரலில் பல சுருதிகள் உண்டு, இசைக்கவையில் ஒன்றுதான் உண்டு என்பதால் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஓரளவு புரிந்தது. அவரை உறுத்தியது வேறு. தாழ்ந்த சுருதி இசைக்கவையைத் தலை மறைப்பதில்லை, இரு காதிலும் சத்தம் ஏறக்குறைய சமம். இது அவரே போட்ட கணக்கு. பிறகு எப்படி வலம் இடம் தெரிகிறது?

அலைகள் முந்துவதையும் பிந்துவதையும் காது உணரும் என்று ஏற்றுக்கொள்ள அன்றைய அறிவு தயாராக இல்லை, அவரும் தயங்கினார். அந்தக் கேள்வியோடு ஏறக்குறைய 30 வருஷம் இருந்தார். விடை 1907-ல் 'பிலசாஃபிகல் மேகசின்' இதழில் வந்தது. (மாநிலக் கல்லூரி மாணவர் சி.வி. ராமனின் முதல் கட்டுரை 1906 நவம்பரில் வந்ததும் அதே இதழில்தான். சென்னையிலிருந்து போன அந்தத் தாள்களும் டெர்லிங்கின் தாள்களும் சில மாத இடைவெளியில் ஒரே அச்சகம் ஏறின என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.) ரேலி செய்தது இது. ஏறக்குறைய ஒரே சுருதி, ஆனால் இம்மி வித்தியாசம் உள்ள இரண்டு இசைக்கவைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் ஒலியைக் குழாய் வழியாக வலக் காதுக்கும் மற்றதை இடக் காதுக்கும் அனுப்பினார். சுருதி துளி வேறுபடுவதால் ஓர் அலை மற்றதை மெல்ல முந்தும், பிறகு பிந்தும். ஒலியும் அதன்படியே வலப் பக்கம் போய் இடப் பக்கம் திரும்பியது. இரண்டு காதிலும் சத்தத்தின் அளவு மாறவே இல்லை. முந்திய காதின் பக்கம் ஒலி சாய்ந்தது. சுருதி ஏறியபோது இந்த ஊசலாட்டம் மங்கி மறைந்தது.

ஆக, 1,600-ஐ ஒட்டிய அந்த எல்லையின் வேர் அங்கே இருக்கிறது. மிச்சத்தை ஹார்வர்டில் ஸ்டீவன்ஸும் நியூமனும் 1936-ல் அளந்தார்கள். சுவர் எதிரொலி வரக்கூடாது என்று ஆளை ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, நீண்ட கழியின் முனையில் ஒலிபெருக்கியைக் கட்டி அவரைச் சுற்றி ஓசையில்லாமல் திருப்பினார்கள். பிழை அதிகமாக வந்தது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி. பிறகு இருபக்கமும் குறைந்தது. அந்த வரைபடத்தை அப்போதே பார்த்த எவரும் அதன் உச்சியில் ஓர் எச்சரிக்கைக் கருவியைக் கொண்டுபோய் வைத்திருக்கமாட்டார்கள்.

பறவைகளுக்கு இது தெரியும். பீட்டர் மார்லர் 1955-ல் எழுதினார்: பருந்தைக் கண்ட சிறு பறவைகள் 7,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சுருதியில், மெதுவாக எழும்பி மெதுவாகத் தேயும் மெல்லிய ஒலி கொடுக்கின்றன. கூட்டத்துக்குச் சேதி போய்விடும், கொடுத்தது யார் என்று பருந்துக்கு எளிதில் தெரியாது. அதே பறவைகள் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைச் சேர்ந்து விரட்டும்போது, பல சுருதிகள் கலந்த வெடுக்வெடுக்கென்ற ஒலியால் எல்லோரையும் அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன. ஒளிந்துகொள்ள ஒரு குரல், அழைக்க ஒரு குரல். எச்சரிக்கைக் கருவிகளுக்கு நாம் ஒளிந்துகொள்ளும் குரலைக் கொடுத்து வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா விதிங்டன் ஆம்புலன்ஸ் சைரனோடு 'ஷ்ஷ்' என்ற இரைச்சலைச் சேர்த்தபோது, அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓட்டுநர்களால் சொல்ல முடிந்தது. அந்த இரைச்சலில் எல்லாச் சுருதியும் உண்டு, காதின் எல்லா வழியும் வேலை செய்யும். லாரி பின்னோக்கி நகரும்போது 'பீப் பீப்' என்பதற்குப் பதிலாக 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்னும் கருவிகளும் சில நாடுகளில் ஓடுகின்றன. பார்வையற்ற ஒருவர் சாலையோரம் நிற்கும்போது அவருக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். பீப் போதும் என்றவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அண்ணா சாலை ஓரத்தில் நின்று பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் குடியிருப்புப் பிள்ளைகளை வைத்து ரேலியின் புல்தரையைச் செய்து பார்த்தோம். வாசகர்களும் செய்து பார்க்கலாம். ஒருவர் நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சாவிக்கொத்தைக் குலுக்கினால் எந்தப் பக்கமானாலும் விரல் சரியாகப் போய் நிற்கிறது. செல்பேசியில் 3,000 ஹெர்ட்ஸ் ஒலியைத் துண்டு துண்டாக விட்டால் பின்னாலிருப்பதற்கு முன்னால் விரல் நீட்டுகிறார்கள். மாமியின் பேத்தி மட்டும், ஒலியை நிறுத்தாமல் விட்டபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "பின்னாடி இருக்கு தாத்தா" என்றாள். சரி. மறுபடியும் சரி. ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஹான்ஸ் வாலக் 1940-ல் நிறுவியது இதைத்தான். தலையை வலப்பக்கம் திருப்பினால் முன்னாலிருக்கும் ஒலி ஒரு காதுக்கு நெருங்கும், பின்னாலிருக்கும் ஒலி மற்றக் காதுக்கு நெருங்கும், குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு ஒலி கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, "அன்னிக்கு அது நின்னாத்தானே நான் திருப்பிப் பார்க்கறதுக்கு" என்றார்.