வரலாறு இல்லாதவருக்குக் கடன் இல்லையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். வங்கியோ எண்ணைப் பார்த்துக் கொடுக்கிறது. எண் முகதாட்சணியம் பாராது, ஆகவே நேர்மையானது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண் பிறந்த கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1936-இல் ஆர்.ஏ. ஃபிஷர் ஐரிஸ் மலர்களின் இதழ் அளவுகளைக் கொண்டே எம்மலர் எவ்வினம் என்று பிரித்துக் காட்டினார். 1941-இல் அமெரிக்கரான டேவிட் டுராண்ட் அதே முறையைக் கடன் வாங்கியோர்மீது செலுத்தி, ஒழுங்காகக் கட்டுவோரையும் தவறுவோரையும் பிரிக்க முயன்றார். பூவைப் பிரித்த கணக்கு மனிதரைப் பிரிக்க வந்தது இப்படித்தான். பூ கோபித்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம்!

புள்ளியியல் மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தைவான் நாட்டுத் தரவு ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டின் 30,000 கடன் அட்டைதாரர்கள். அவர்களுள் 6,636 பேர் அடுத்த மாதத் தவணையைத் தவறவிட்டனர். 'ஒருவரும் தவறமாட்டார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நூற்றுக்கு 78 பங்கு சரியாகிவிடும். எனவே வெறும் சரிவிகிதத்தைக் கண்டு மயங்கலாகாது. அதில் பெரிதும் துப்புக் கொடுப்பது, முந்திய மாதங்களில் தவணை தாமதமானதா என்பதே. ஆயினும் ஆணா பெண்ணா, மணமானவரா என்ற விவரங்களும் அத்தரவில் உள்ளன. அமெரிக்காவோ கடன் கொடுப்பதில் பால், மணநிலை பார்ப்பதை 1974-லேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. அதுவே முறை என்பேன். கணக்குக்கு உதவுகிறது என்பதற்காக, எவரோ தவறிய தவணைக்கு மற்றொரு பெண் ஏன் பொறுப்பாக வேண்டும்?

நம் நாட்டில் சிபில் நிறுவனம் 2000-இல் தொடங்கியது. இதற்கான சட்டம் 2005-இல் வந்தது. மதிப்பெண் 300 முதல் 900 வரை. முன்பு கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் கிடையாது. இங்குதான் எனக்கு வழக்கு. விடுபட்ட மதிப்பு வேறு, சுழியம் வேறு என்று வகுப்பில் படிக்கிறோம். வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுப்பவர், மளிகைக் கடைப் பற்றை மாதந்தோறும் தீர்ப்பவர், தெருச் சீட்டில் ஒரு தவணையும் தவறாதவர் — இவர்களுடைய நாணயம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எங்கள் வீடு போன்ற வீடுகளில் இருந்து வரும் முதல் பட்டதாரிக்கு இருப்பது இந்த வரலாறு மட்டுமே.

வங்கியில் இருப்பது பிறர் போட்ட பணம், எச்சரிக்கை வேண்டும் என்பர். மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்க்கும் நட்டம் என்பது மூன்றின் பெருக்கல்: தவறும் வாய்ப்பு, அப்போது நிலுவையில் நிற்கும் தொகை, அதில் திரும்பாத பங்கு. முதலாவது தெரியாவிட்டால் இரண்டாவதைக் குறைக்கலாமே! ஐயாயிரம் ரூபாய் வரம்பில் ஓர் அட்டை கொடுத்து ஓராண்டு பார்த்தால் வரலாறு தானே எழுதப்படும். வைப்புத்தொகையை ஈடாக வைத்தால் அட்டை தருகிறார்கள். ஆனால் வைப்புத்தொகை வைத்திருப்பவருக்குத்தானே அது?

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை விண்ணப்பத்தைத் தள்ளலாகாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவுறுத்தியுள்ளது. அட்டை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதன் 2022-ஆம் ஆண்டு விதி. தோழர்களே, 'தகுதி இல்லை' என்று ஒற்றை வரி வந்தால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். எந்தத் தகுதி என்று எழுதிக் கேளுங்கள்.