அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்

ஏப்ரல் பிறந்ததும் என் புறநோயாளர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “டாக்டர், பிள்ளைகளுக்கு விடுமுறை. ஒரு வாரம் விசாகப்பட்டினம் போய்வரலாம் என்று இருக்கிறோம். அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா?” அப்பாவுக்கு எழுபது வயதிருக்கும், நீரிழிவோ இதய நோயோ இருக்கும். அவர் அருகிலேயே அமர்ந்திருப்பார். கேள்வி மட்டும் அவரைக் கடந்து என்னிடம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை நான் எளிதாக “வேண்டாம்” என்று சொல்லிவிடுவேன். அப்படி நான் தடுத்தவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இதயம் பலவீனமானவர். குடும்பம் சென்று வந்தது. அவர் உறவினர் வீட்டில் தங்கினார். அடுத்த கோடைக்குள் நாலு படி ஏறவும் இயலாத நிலைக்கு வந்துவிட்டார். “போன வருடமே போயிருக்கலாம்” என்று அவர் ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஆயினும் எனக்கு உறுத்தியது. முந்தைய ஆண்டில் அவர் உடல்நிலை சீராகவே இருந்தது. நான் அஞ்சியது அவருடைய நோயைக் கண்டு அன்று. அந்தக் குடும்பம் வகுத்திருந்த திட்டத்தைக் கண்டுதான். திட்டத்தை மாற்றச் சொல்லாமல், மனிதரை விலக்கிவிட்டேன்.

ஆகவே இப்போது என் கருத்து இது: “அவர் வரலாமா?” என்று கேட்பதைவிட, “அவரும் வருவதற்குப் பயணத்தை எப்படி அமைப்பது?” என்று கேட்பதே முறை.

விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் கடலோரம்வரை வந்து நிற்கும் அழகிய நகரம். ஆனால் மே மாதத்தில் அங்கே புழுக்கம் மிகுதி. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது காயாமல் வழிந்தோடும். எனவே வெப்பமானி காட்டுவதைவிட உடலின் துன்பம் அதிகம். காலை எட்டரை மணிக்குள் கடற்கரை, பதினொன்று முதல் நான்குவரை அறைக்குள் ஓய்வு, ஐந்துக்குப் பிறகு மீண்டும் வெளியே என்று நாளை வகுத்துக்கொள்ளுங்கள். கைலாசகிரிக் குன்றுக்கு மாலையில் செல்லலாம்.

இராமகிருஷ்ணா கடற்கரையில் காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் வழி குறுகலானது. அறைக்கு அறை சிறிய வாயில்களில் குனிந்து செல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் வெளியே நின்று பார்ப்பதே போதும். போரா குகையில் படிகள் ஏராளம். பிள்ளைகள் இறங்கட்டும், ஒருவர் பெரியவருடன் மேலே இருக்கட்டும். அரக்குப் பள்ளத்தாக்கு நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஒரே நாளில் போய்த் திரும்பாமல் ஓர் இரவு தங்குங்கள். சுரங்கப்பாதைகள் வழியே மலையேறும் ரயிலில் ஜன்னலோரம் அமர்வதே பெரியவருக்கு ஒரு நாளின் இன்பம். சிம்மாசலத்தில் அட்சய திருதியை அன்று சந்தனக் காப்பு நீக்கிய தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஏழு நாளில் ஒரு நாளையேனும் வெறுமனே விடுங்கள்.

“அவர் ஒருவருக்காக மற்றவர்கள் இழப்பதா?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உச்சி வெயில் பிள்ளைகளுக்கும் ஆகாது. நோயாளிக்காக வகுத்த நாள், உடன் செல்வோர் அனைவருக்கும் பொருந்துவதைப் பலமுறை கேட்டறிந்திருக்கிறேன்.

மருத்துவ ஏற்பாடுகளை மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். நீர் மாத்திரை உட்கொள்பவர் வெயிலுக்கு அஞ்சித் தாமாக அதை நிறுத்தவும் கூடாது. தண்ணீரை அளவின்றிப் பருகவும் கூடாது. பயண நாட்களுக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். பனிக்கட்டியில் நேராகப் படவும் வைக்காதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதங்களுக்குச் சுடுமணலில் கொப்புளம் எழுவதே தெரியாது. ஆகவே நீரிழிவு உள்ளவர் மணலிலும் செருப்புடன் நடக்க வேண்டும். தேவைக்கு மேல் நான்கு நாள் மருந்து கைப்பையில் இருக்கட்டும். நோய், மருந்து, ஒவ்வாமை ஆகிய விவரங்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதித் தருமாறு எங்களிடம் கேளுங்கள், தயங்காமல் தருவோம்.

பேச்சுக் குழறல், மயக்கம், நெஞ்சுவலி, உடல் கொதித்து அறிவு தடுமாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராதீர்கள். ஆந்திரத்திலும் 108தான் அவசர ஊர்தி எண். நகரில் கிங் ஜார்ஜ் அரசு மருத்துவமனை உள்ளது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் அங்கே இடமும் நேரமும் உறுதியான பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

இன்றும் சிலருக்கு நான் “வேண்டாம்” என்றே சொல்கிறேன். அண்மையில் மாரடைப்பு வந்தவர், அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இறங்குபவர் ஆகியோர் முதலில் உடல் தேற வேண்டும். தேறியதும் அவர்களுடைய பயணத்தைப் பற்றி நானே நினைவூட்டுவேன்.

அடுத்த முறை என் அறைக்கு வருமுன், “உங்களுக்கு எங்கே போக விருப்பம்?” என்று அப்பாவிடமே கேட்டு வாருங்கள். மருந்துச் சீட்டின் மறுபக்கத்தில் ஏழு நாளையும் நாம் சேர்ந்தே எழுதுவோம்.