டாக்டருக்குத் தெரியாதா?

"வாய்ப்புற்று ஆபரேஷனுக்கு முன்னால கழுத்துக்கு சிடி ஸ்கேன் எதுக்குங்க? ரத்தக்குழாய் எங்கே ஓடுதுன்னு டாக்டருக்குத் தெரியாதா? எல்லாம் காசு பிடுங்கற வேலை."

மும்பைக்கு வந்த இந்த இருபது வருஷத்துல, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்ம ஆட்கள் இப்படிச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கேன்!

டாக்டருக்குத் தெரியும், பொதுவா எப்படி இருக்கும்னு. உங்க அப்பாவோட கழுத்துல எப்படி இருக்குன்னு படம் எடுக்காம எப்படித் தெரியும்? எங்க வங்கியிலேயே ஒரு கிளை மாதிரி இன்னொரு கிளை இருக்காது :-)

விஷயம் இதுதான். கழுத்துல மேலே ஏறும் வெளிக் கரோட்டிட் தமனியில், முன்பக்கமா மூணு கிளை. கீழே தைராய்டுக்கு, அதுக்கு மேலே நாக்குக்கு, அதுக்கும் மேலே முகத்துக்கு. இது பாடப்புத்தகக் கணக்கு. ஆனா பத்துப் பேரில் ஒருத்தர் ரெண்டு பேருக்கு நாக்குக்கும் முகத்துக்கும் சேர்த்து ஒரே தண்டு கிளம்பி, அப்புறம்தான் பிரியும். சிலருக்கு தைராய்டும் நாக்கும் கூட்டு. ரொம்ப அபூர்வமா மூணுமே ஒண்ணா. இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேற மாதிரியும் இருக்கலாம். இது வியாதி இல்லை. ரிப்போர்ட்டில் 'வேரியன்ட்'னு பார்த்துட்டு ஜோசியரைத் தேடி ஓடாதீங்க.

1858-ல் வந்த கிரேயோட உடற்கூறியல் புத்தகத்துக்குப் படம் வரைஞ்ச ஹென்றி வான்டைக் கார்ட்டர், அதே வருஷம் இதே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினவர். படங்கள் பிரமாதம். அதுக்காக எல்லார் கழுத்தும் அந்தப் படத்தைப் பார்த்தா வளரும்?

கூட்டுத் தண்டை முகத்துக்குப் போறதுன்னு நினைச்சுக் கட்டிட்டா, அந்தப் பக்க நாக்குக்கும் ரத்தம் குறையும். மறுபக்கமும் போச்சுன்னா நாக்குச் சதையே செத்துப் போகலாம். வெட்டின தாடைக்குக் கால் எலும்பை வச்சுச் சீரமைக்கும்போது, அதுக்கு ரத்த இணைப்பு கொடுக்கறதும் பெரும்பாலும் இதே முகத் தமனி, தைராய்டு தமனியிலதான்.

புற்று கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கான்னு பார்க்க கான்ட்ராஸ்ட் சிடி எப்படியும் எடுக்கறாங்க. பெரும்பாலும் அதுலயே இந்தக் கிளைகளும் தெரிஞ்சுடும். ஒரே ஸ்கேனை காரணம் சொல்லாம மறுபடி எடுக்கச் சொன்னா, அங்கே தாராளமா சண்டை போடுங்க.

மகாராஷ்டிராவில் 2012-லேயே குட்காவுக்குத் தடை. இன்னும் கேட்டா கிடைக்குது. தினம் அதுக்குக் கொடுக்கற காசை 'பிடுங்கறான்'னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை!

ஸ்கேனுக்கு முன்னால கிரியாட்டினின் பார்த்தாங்களான்னு கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னால சர்ஜன்கிட்ட, "சிடியில ரத்தக்குழாய்க் கிளைகளையும் பார்த்தீங்களா சார்?"னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டார்.