சார்ட்டில் மட்டும் பறக்கும் பட்டாம்பூச்சி



இப்போது நீங்களும் பெற்றோர். பிள்ளைக்கு 'பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி' ப்ராஜெக்ட் என்றதும் கடைக்கு ஓடி சார்ட் வாங்கி, ராத்திரி கண்விழித்து நீங்களே ஒட்டிக் கொடுக்கிறீர்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று பிள்ளை ஒப்பிக்கிறது. இது படிப்பா?

2018-இல் நம் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளில் படைப்புழு புகுந்து குருத்தைத் தின்றதே, மறந்துவிட்டதா? அதற்கும் அதே நான்கு பருவம்தான். கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கிடக்கும். கோடை உழவு போட்டால் மேலே வந்து வெயிலில் காயும், பறவை கொத்தும். மூன்றாவது படத்தை வெறுமனே ஒப்பித்த பிள்ளைக்கு இது விளங்குமா?

"மருந்தடித்த காட்டுக்குள் பிள்ளையை எப்படி விடுவது சார்?" என்பீர்கள். விட வேண்டாம். வீட்டு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் போதும். இலைமேல் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பதுதான் புழு, வளர்ந்தால் பச்சையாகும். தினம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். சில புழு செத்தும் போகும், அதுவும் பாடம்தான்.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களே, அழகான சார்ட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளை பார்த்து எழுதிய நாலு வரிக்குப் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் சரி.