பெண்பிள்ளைகளும் உதைபந்தாட்டக் கழகங்களும்

யேர்மனியப் பெண்கள் தேசிய உதைபந்தாட்ட அணி 2003 ஆம், 2007 ஆம் ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்றது. 2007 இல் ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காமல் வென்றது. ஐரோப்பியக் கிண்ணமோ எட்டுத் தடவைகள். இவ்வெற்றிகளைத் தொலைக்காட்சியில் கண்டு கைதட்டிய எமது இல்லங்களிலேயே, "நானும் கழகத்தில் சேரப்போகிறேன்" என்று மகள் கேட்டால் பெற்றோரின் முகம் மாறிவிடுகின்றது.

1955 இல் மேற்கு யேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம், தனது கழகங்களில் பெண்கள் விளையாடுவதைத் தடைசெய்தது. பெண்ணின் நளினம் கெடும், உடலும் உள்ளமும் பாதிப்புறும், உடலைக் காட்டுவது ஒழுக்கத்துக்கு ஒவ்வாது என்பனவே சொல்லப்பட்ட காரணங்கள். எமது வரவேற்பறைகளில் இன்றும் கேட்கும் வார்த்தைகள் அல்லவா இவை? (அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிறைய ஆட்களை அழைக்கும் நாம், காற்சட்டையைக் கண்டு கூச்சப்படுவது விந்தைதான்.)

தடை விதித்ததால் ஆட்டம் நின்றுவிடவில்லை. மறு ஆண்டே எசன் நகரில் நெதர்லாந்துப் பெண்களுடன் நடந்த போட்டியைக் காண ஏறத்தாழ 18,000 பேர் திரண்டனர். 1970 இல் தடை நீங்கியது. எனினும் தேசிய அணி ஒன்றை அமைக்கும் எண்ணம் சங்கத்துக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. 1981 இல் தாய்வானில் நடந்த உலகப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது அனுப்புவதற்கு அணியே இல்லை. பேர்கிஷ் கிளட்பாக் என்ற நகரின் கழகப் பெண்கள் தாமே பணம் திரட்டிச் சென்று, வென்று திரும்பினர். அடுத்த ஆண்டு, 1982 நவம்பரில், தேசிய அணி தனது முதற் போட்டியில் ஆடியது. நாட்டுக்கு வழிகாட்டியது ஒரு கழகம் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

1989 இல் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர்களுக்குச் சங்கம் அளித்த பரிசு, கோப்பி அருந்தும் பீங்கான் பாத்திரத் தொகுதி! 1990 இல் பெண்களுக்கான புண்டஸ்லீகா தொடங்கியது. பிராங்பேர்ட், பொட்ஸ்டாம் ஆகிய பெண்கள் கழகங்கள் ஐரோப்பாவின் உச்சியைத் தொட்டன. பின்னர் பணபலம் மிக்க ஆண்கள் கழகங்கள் உள்ளே நுழைந்தன. பிராங்பேர்ட் கழகம் 2020 இல் ஐன்ராக்ட் கழகத்துடன் இணைந்துவிட்டது. வசதிகள் பெருகின என்பது உண்மையே. ஆயினும் பெண்களுக்கென்றே இருந்த கழகங்கள் பின்தள்ளப்பட்டதை வளர்ச்சி என்று மட்டும் கொள்ள எமது மனம் ஒப்பவில்லை.

2007 இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் லிரா பைராமாய் என்ற இளம்பெண்ணும் இருந்தார். கொசோவோவிலிருந்து குடும்பத்துடன் அகதியாக வந்தவர். தந்தைக்கு விருப்பமில்லாததால் தொடக்கத்தில் மறைவாகவே விளையாடினார். பின்னர் மகளின் ஆட்டத்தைக் கண்ட அத்தந்தையே அவருக்குத் துணைநின்றார். அந்தத் தந்தையின் அச்சத்தை அகதிகளாக வந்த எம்மால் நன்கு விளங்கிக்கொள்ள முடியும்.

எமது பிள்ளைகளில் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கழகத்திலிருந்து நிறுத்தப்படுகின்றனர். விளையாட்டுத் திறன் உருப்பெறும் வயதும் அதுவே. ஆண்களுக்கெனக் கோடைதோறும் சுற்றுப்போட்டி நடாத்தும் எமது விளையாட்டுக் கழகங்கள், பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணியையேனும் அமைக்கவேண்டும். வார இறுதித் தமிழ் வகுப்பும் போட்டியும் ஒரே நேரத்தில் வந்தால், ஆசிரியருடனும் பயிற்றுநருடனும் பெற்றோர் நேரில் பேசலாம். மாலைப் பயிற்சி முடிய இருட்டிவிடுகின்றதெனில், அயலிலுள்ள மூன்று குடும்பங்கள் முறைவைத்துப் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றி வரலாம்.