தெஜிமாவின் பெயரற்ற ஆசிரியர்கள்

ஜப்பானைப் பற்றி மேலைநாட்டார் எழுதிய ஆதி கிரந்தங்களைப் புகழுகிறவர்கள், கெம்ஃபர், ஸீபோல்ட் என்னும் ஜெர்மானிய வைத்தியர்களின் கூரிய அவதானத்தை வியக்கிறார்களே அன்றி, நாகசாகித் துறைமுகத்துச் செயற்கைத் தீவாகிய தெஜிமாவில், டச்சு வணிக நிலையத்தின் ஊழியராய்ப் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்த ஒருவருக்கு அத்தேசத்தின் சரித்திரமும் சமயமும் எவ்வழியாக எட்டின என்று விசாரிப்பதில்லை.

1690இல் வந்திறங்கிய எங்கெல்பெர்ட் கெம்ஃபரிடம் பணியாளாக அமர்ந்த இமாமுரா என்ற இளைஞர், நாட்டு விஷயங்களை அந்நியருக்குச் சொல்வது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தும், அவரிடம் டச்சு இலக்கணமும் வைத்தியமும் கற்றுக்கொண்டு, பிரதியாக நூல்களைத் தேடிக் கொணர்ந்து பொருளும் விளக்கினார். கெம்ஃபர் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1727இல் லண்டனில் வெளியான அவருடைய 'ஜப்பான் சரித்திர'த்தில் இவர் பெயர் இல்லை. அதை நன்றியின்மை என்று நான் சொல்லமாட்டேன். பெயர் வெளிப்பட்டிருந்தால் தலை போயிருக்கும். இமாமுராவோ பிற்காலத்தில் பெரிய துபாஷியாக உயர்ந்து, 1709இல், இரகசியமாகக் கரையேறிய இத்தாலியப் பாதிரியார் ஸிடோட்டியை அராய் ஹகுசெகி என்னும் பண்டிதர் அரசின் சார்பில் விசாரித்தபோது இடைநின்று மொழிபெயர்த்தார் என்பது விநோதமே!

ஸீபோல்டின் கதை இத்தனை சுபமாக முடியவில்லை. 1823இல் வந்த அவர், தம்மிடம் வைத்தியம் பயின்ற மாணாக்கரைத் தேயிலை, திமிங்கிலம் முதலியவற்றைப் பற்றி டச்சு மொழியில் கட்டுரைகள் எழுதச் செய்து, பின்னர்த் தம் நூலுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். அரசாங்க வானசாஸ்திரியான தகாஹாஷி ககெயசு, இனோ தடதகா அளந்து வரைந்த தேசப்படங்களின் பிரதியை அவருக்குக் கொடுத்தது 1828இல் வெளிப்பட்டபோது, கொடுத்தவர் சிறையிலே மாண்டார். உப்பிலிட்டு வைத்திருந்த அவருடைய சடலத்துக்கே பிறகு மரணதண்டனை விதிக்கப்பட்டது. வாங்கியவரோ நாடுகடத்தப்பட்டதோடு தப்பி, 1832 முதல் லெய்டனில் 'நிப்பான்' என்ற பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிடலானார்.

சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி ஒழுங்குசெய்த சாமர்த்தியம் அந்த வைத்தியர்களுடையதே என்று வாதிப்பவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உயிரைப் பணயம் வைத்துப் பொருள் சொன்னவரை வெறும் 'தகவல் தந்தவர்' என்று ஒதுக்குவது நியாயமாகாது. அக்காலத்தில் ஜப்பானை ஆண்ட ஷோகனின் சட்டங்கள் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டபடியால், கெம்ஃபரின் நூலை இனி மறுபதிப்பிடுவோருக்கு, ஆசிரியரின் பெயரோடு இமாமுராவின் பெயரையும் முகப்பில் அச்சிடுவதில் யாதொரு அபாயமும் இல்லை.