மலையில் உழைக்க நாம், மலையைப் பார்க்க மட்டும் அவர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சில வாரங்களாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. நமது பொடியன்மார் சிலர் லீவு நாளில் சைக்கிளில் தோட்டத்துப் பாதையால் ஏறி, பாதை முடிகிற இடத்தில் சைக்கிளை வைத்துவிட்டு, கிரேட் வெஸ்டர்ன் மலை உச்சிக்கு நடந்து போய் வருகிறார்களாம். "படிக்கிற பிள்ளைகளுக்கு இது தேவையா?" "வெள்ளைக்காரன் பழக்கம்." "ஊர் சுத்துறான்கள்." பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் நாம். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில், வெள்ளைக்காரன் பழக்கம் என்ற கதை.

வெள்ளைக்காரன் ரோடு போடுவதற்கு முன்பே கண்டி இராச்சியத்து மலைப் பாதைகளில் மாட்டு முதுகில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி, பாக்கோடு திரும்பி வந்தவர்கள் யார்? தவளம் ஓட்டிய நமது மூத்த வாப்பாமார். தவலந்தென்ன என்ற ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தவளம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1344இல் இப்னு பதூதா இந்த நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். ஏறுவதற்கு இரண்டு வழி இருந்ததையும், செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலி போட்டிருந்ததையும் எழுதி வைத்தார். தோட்டத்து உறவுகளின் கதை இன்னும் பெரியது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியால் மாத்தளை வரை கால்நடையாகவே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. இந்த மலையில் நடப்பதை நமக்கு இன்னொருவன் வந்து பழக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சைக்கிள் எதற்கு, நடந்தே போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம்ம ஊர் வானம் எப்படி என்று நமக்குத் தெரியும். காலையில் வெளிச்சமாக இருக்கும், பகலானால் பனிமூட்டம் இறங்கும், பின்னேரம் மழை. 2,200 மீற்றருக்கு மேலே உள்ள ஓர் உச்சியில் பனிமூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் வந்த வழியே தெரியாது. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகிற பாதையை நடந்தே முடித்தால் காட்டு ஓரத்துக்குப் போகும்போதே காலைப் பொழுது போய்விடும், காலும் ஓய்ந்துவிடும். சுபஹ் தொழுதுவிட்டு சைக்கிளில் புறப்படுகிற பிள்ளை அந்தத் தூரத்தைச் சீக்கிரமே கடந்துவிடும். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, இறக்கத்தில் அந்த நேரத்தை மீட்டுக்கொள்ளலாம். மழைக்கு முன் மலையை விட்டு இறங்கிவிடலாம். சைக்கிளை மேலே கொண்டுபோகக் கூடாது. காட்டு ஒற்றையடிப் பாதையை டயர் அரித்தால் அடுத்த மழைக்கு அது கானாக மாறிவிடும். சைக்கிளுக்கு உரியது பாதை, காலுக்கு உரியது மலை. அந்தப் பொடியன்மார் இதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பீகோ ட்ரெயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹந்தானையில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர வழியாக, தவலந்தென்ன, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதி கொடுத்தன. உலகத்திலிருந்து ஆட்கள் வந்து நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் அது புதிதாக வெட்டிய பாதை இல்லை. பெரும்பாலும் நமது சனம் கொழுந்துக் கூடையோடு நடந்து நடந்து போட்ட பாதைதான்.

அதே பாதையில் நமது பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது? ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், எங்கள் மாணவர்கள் நாலு பேரைக் காவல்காரர் கேட்டில் மறித்தார். "துரை ஏசுவார், திரும்பிப் போங்க" என்றார். அவர்கள் அங்கே நிற்கும்போதே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். கேட் திறந்தது, சிரிப்பும் கிடைத்தது. காவல்காரரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் சம்பளத்துக்கு நிற்கிற மனிதர். அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் இந்தத் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992க்குப் பிறகுதான் கம்பனிகளின் கைக்குப் போயின. அதுவும் குத்தகைக்கு. மருந்து அடிக்கிற நாளில் மறியுங்கள், கொழுந்து லொறி வருகிற நேரத்தில் மறியுங்கள், நாம் கேட்டுக்கொள்வோம். ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரே சட்டம். முகத்தைப் பார்த்துத் திறக்கிற கேட் நமக்கு வேண்டாம்.

ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. குளவி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, வழுக்குப் பாறை இருக்கிறது, மண்சரிவு இருக்கிறது. ஆனால் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கிற நமது தாய்மார். ஆபத்து என்று சொல்லி அவர்களை யாரும் வீட்டில் இருக்கச் சொன்னதில்லை. உழைக்கப் போனால் ஆபத்து கண்ணில் படாது, பிள்ளை சந்தோஷமாகப் போனால்தான் படும். இது என்ன நியாயம்? தடுத்தால் களவாகப் போவார்கள், களவாகப் போகிறவன் யாரிடமும் சொல்லாமல் போவான். உண்மையான ஆபத்து அதுதான்.

பொம்பளைப் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டத்துப் பாதையால் கிலோமீற்றர் கணக்கில் நடந்து அவர்கள் ஸ்கூலுக்கு வரும்போது யாருக்கும் ஆட்சேபனை இல்லை. அதே பிள்ளை ஆசிரியைமாரோடும் உம்மாமாரோடும் ஒரு நாள் மலை ஏறினால் மட்டும் ஊர் கொதிக்கிறது. கொதிக்கிறவர்கள் முதலில் அந்தப் பாதைக்கு ஒரு பஸ் கேளுங்கள், பிறகு பேசலாம்.

நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை.

பெற்றோர்களே, தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். யாரோடு போகிறாய், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டு அனுப்புங்கள். நாலு பேருக்குக் குறையாமல் போகட்டும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் யாரும் போகக் கூடாது.

பொடியன்மாரே, இறங்கும்போது பிரேக்கை அமுக்கியபடியே வராதீர்கள், இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். லயத்துப் பக்கம் வந்தால் மெதுவாக வாருங்கள், அங்கே சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தோட்டத்திலும், காட்டுக்குப் பொறுப்பானவர்களிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். பொலித்தீன் ஒன்றுகூட மேலே மிஞ்சக் கூடாது. சைக்கிளை லயத்தில் ஒரு வீட்டில் வைத்தால் அந்த அக்காவுக்குக் காசு கொடுங்கள், அவர் போடுகிற தேத்தண்ணியையும் காசு கொடுத்துக் குடியுங்கள்.

கடைக்கார சகோதரர்களே, பள்ளி நிர்வாகத்தினரே, தொழிற்சங்க அண்ணன்மாரே, வெளிநாட்டுக்காரர்களுக்கு வழி காட்டுகிற வேலையை நமது பிள்ளைகள் செய்யட்டும். வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கிறது. இங்கிலீஷும் முதலுதவியும் படிப்பிக்க ஆசிரியர்கள் நாம் தயார். இடமும் ஆறு நல்ல சைக்கிளும் நீங்கள் தாருங்கள். கொழும்புக் கடைக்கும் கட்டாருக்கும் போகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் ஒரு பத்துப் பிள்ளைகளுக்காவது குறையட்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்குக் கடிதம் ஒன்று தயாரித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முன்னாலும், ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் கையெழுத்து எடுப்போம். சம்மதமானவர்கள் வாருங்கள். சம்மதம் இல்லாதவர்களும் வாருங்கள், நேரில் பேசுவோம்.